வரைபடத்தில் 58, வாய்மொழியில் 212

போன வாரம் எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் கணினியில் 212 பெயர்களை ஏற்றிவிட்டு வந்தேன். எல்லாம் குன்று, ஓடை, ஏரி, கடற்பாறை, பள்ளம், பாறைப் பிளவு இவற்றுக்கு, ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக் (Gaelic) பேசுகிறவர்கள் சொல்லும் பெயர்கள். வீடு, சாலை, பாலம் எதையும் சேர்க்கவில்லை. இதற்கு ஒன்றரை வருடம் ஆனது. மூன்று மாதத்தில் முடியும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். எங்கே எப்படிச் சறுக்கினேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

இடம் ஸ்காட்லாந்தின் வடமேற்கே உள்ள லூயிஸ் தீவு. அதன் கிழக்குப் பக்கத்தில் லொஹ்ஸ் என்று ஒரு பாரிஷ். பாரிஷ் என்றால் நம் கணக்கில் ஒரு பிர்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். லொஹ் என்றால் ஏரி. கடல் உள்ளே புகுந்து கிடக்கும் கழிக்கும் அதே சொல்தான். பெயருக்கு ஏற்றபடி பூமி சல்லடை போல இருக்கிறது. மீதி இடமெல்லாம் பீட் படிந்த சதுப்பு. பீட் என்பது செடிகள் மக்கிப் படிந்த கறுப்பு மண். மே மாதத்தில் செங்கல் போல வெட்டி, காய வைத்து, குளிர்காலத்தில் அடுப்பெரிப்பார்கள். நான் வேலைக்காக இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. கேலிக் ஓரளவு புரியும், பேசினால் குழந்தைகள் சிரிப்பார்கள்.

லூயிஸ் அடங்கிய மேற்குத் தீவுகளில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 52 சதவீதம் பேருக்கு கேலிக் பேசத் தெரிந்திருந்தது. 2022-இல் அது 45 சதவீதம். ஆனால் பேசுகிற எல்லோருக்கும் சதுப்பு தெரியாது. மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்தவர்களுக்குத்தான் தெரியும், அவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். அதனால் பாரிஷ் முழுவதும் என்ற ஆசையை விட்டுவிட்டு, எங்கள் ஒரே ஊரின் பொது மேய்ச்சல் நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். சுமார் 11 சதுர கிலோமீட்டர், அதோடு அதன் கரையோரம்.

முதல் இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே போனது. ஜனவரியில் இங்கே ஆறேழு மணி நேரம்தான் வெளிச்சம், வெளியே போய்ப் பயனில்லை. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. லூயிஸை அரசு நில அளவையாளர்கள் 1848 முதல் 1852 வரை அளந்தார்கள். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவு, அதாவது 1:10,560. ஒவ்வொரு பெயருக்கும் அவர்கள் எழுதிய பெயர்ப் புத்தகமும் இணையத்தில் இருக்கிறது. அதில் 'ஒரு சிறிய நன்னீர் ஏரி' என்ற ரீதியில் ஆங்கிலத்தில் ஓரிரு வரி விளக்கம் இருக்கும். அப்போது தீவே ஒரே ஆளின் சொத்து. ஜேம்ஸ் மேதிசன் என்பவர் 1844-இல் விலைக்கு வாங்கியிருந்தார். இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவில் விற்று வந்த காசு அது. ஒரு தீவை வாங்குகிற அளவுக்கு அபினில் லாபம் இருந்திருக்கிறது.

அந்தத் தாள்களிலிருந்து எங்கள் எல்லைக்குள் 58 பெயர் எடுத்தேன். இப்போது கடையில் விற்கும் 1:25,000 வரைபடத்தில் அதில் 41 தான் மிச்சம். பாதிப் பெயர் கேலிக்கே இல்லை, அதற்கும் முந்தி வந்த நார்ஸ்காரர்கள், அதாவது வைக்கிங்குகள், வைத்தது. லொஹ் லங்கவட் என்ற பெரிய ஏரி இந்தப் பக்கம் இருக்கிறது. நார்ஸ் மொழியில் லங்கவட் என்பதே நீண்ட ஏரி. அதற்கு முன்னால் கேலிக்காரர் இன்னொரு லொஹ் போட்டுக்கொண்டார்கள். 'ஏரி நீளஏரி'. நடு சென்டர் என்று நாம் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

58 பெயரையும் அட்டவணையில் போட்டு அச்செடுத்து, ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் மார்ச் மாதம் முதல் ஆளைப் பார்க்கக் கிளம்பினேன். அதற்கு முன்பே ஒரு தப்பு செய்திருந்தேன். நேரம் கேட்க அவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினேன். லூயிஸில் பழைய ஆட்களுக்கு ஞாயிறு என்றால் சர்ச்சும் ஓய்வும் மட்டும்தான், கொடியில் துணிகூட உலர்த்த மாட்டார்கள். அவர் எடுக்கவே இல்லை. திங்கட்கிழமை அவரே கூப்பிட்டு, "நேற்று யாரோ போன் பண்ணினார்கள் போல" என்றார். நீதான் என்று சொல்லாதது அவருடைய பெருந்தன்மை.

வணிகக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். "ஆமாம், இது இருக்கிறது. ஆமாம், இதுவும் சரி." நான் ஒரு குன்றைக் காட்டி இதற்குப் பெயர் என்ன என்று கேட்டால், அவர் குன்றைப் பற்றி யோசிப்பதற்குப் பதிலாகத் தாளில் அச்சிட்ட எழுத்தைத் தேடினார். எழுத்து இல்லையென்றால் "அதற்குப் பெயர் கிடையாது, அ வாலிஹ்" என்றார். அ வாலிஹ் என்றால் தம்பி, பையா என்கிற மாதிரி. ஒன்றரை மணி நேரம் பேசினோம். கிடைத்த புதுப் பெயர் மூன்று.

ஒலிப்பதிவும் பாழ். பழையதாக வாங்கிய ஸூம் எச்1என் கருவியில் ஒலி அளவைத் தானாகச் சரிசெய்துகொள்ளும்படி வைத்திருந்தேன். அவர் யோசித்து நிறுத்தும்போதெல்லாம் கருவி காதைத் தீட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்கை மேலே தூக்கியது. அடுத்த சொல்லின் முதல் எழுத்து அந்த இரைச்சலில் போய்விடும். பெயரை எழுதுகிறவனுக்கு முதல் எழுத்து இல்லையென்றால் மிச்சம் என்ன? அன்றிலிருந்து அளவைக் கையால் வைக்கிறேன். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வைத்து, எம்பி3 இல்லாமல் வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிகிறேன். கடிகாரத்தைக் கேட்டுவிட்டு அடுத்த அறைக்கு எடுத்துப் போய்விடுவேன். இதுவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இப்படியே நாலு வீடு. மொத்தம் 71 பெயர். ஏப்ரல் கடைசியில் விட்டுவிடலாமா என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஐந்தாவதாகப் பார்த்தது எண்பத்தேழு வயதுப் பாட்டி. வாசலில் நுழைந்ததும் முதல் கேள்வி: "கோ லெஷ் தூ?" யாருடைய ஆள் நீ, யார் வீட்டுப் பிள்ளை என்று அர்த்தம். ஊரில் எல்லோரையும் அப்படித்தான் கேட்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஆச்சி கேட்பது போலவே இருந்தது. என்னிடம் பதில் இல்லாததால் எந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன் என்று சொன்னேன். அந்த வீட்டின் மூன்று தலைமுறையை அவர் எனக்குச் சொன்னார். சரி, ஆள் யாரென்று முடிவாகிவிட்டது, உட்காரச் சொன்னார்.

வரைபடத்தை எடுத்தேன். கண் சரியாகத் தெரியாது என்று தள்ளி வைத்துவிட்டார். எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. தேநீர் வந்தது, கேக் வந்தது. சும்மா இருக்கக் கூடாதே என்று, "சின்ன வயதில் கோடைக் குடிசைக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போனீர்களே, நான் இன்றைக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் எப்படிப் போக வேண்டும்?" என்று கேட்டேன்.

முந்தைய தலைமுறைகளில் கோடை வந்தால் ஊர்ப் பயிரை மாடு மேயாமல் இருக்க, பெண்களும் சிறுமிகளும் மாட்டை ஓட்டிக்கொண்டு சதுப்பின் உள்ளே போய் வாரக்கணக்கில் தங்குவார்கள். கல்லும் புல்கட்டியும் வைத்துக் கட்டிய சின்னக் குடிசை. அந்த இடத்துக்கு ஆரி என்று பெயர். பாட்டி 1950 வாக்கில் கடைசியாகப் போனவர்களில் ஒருவர்.

கண்ணை மூடிக்கொண்டார். மேசையில் பூப்போட்ட எண்ணெய்த்துணி விரித்திருந்தது. வலது கையின் நடுவிரலை அதில் ஒரு ரோஜாப்பூவின் மேல் வைத்தார். அதுதான் அவர் வீட்டு வாசல் கேட். விரல் நகர ஆரம்பித்தது. கேட்டைத் தாண்டினால் முதலில் இந்த ஓடை, மாடு அதில் தண்ணீர் குடிக்கும், விடக் கூடாது, விட்டால் அங்கேயே நின்றுவிடும். இடது பக்கம் வானம்பாடிக் குன்று. வலது பக்கம் பச்சையாக இருக்கும் பள்ளம், மேலே பார்த்தால் புல், உள்ளே ஆள் இறங்கிவிடும். அப்புறம் மூச்சு வாங்கும் குன்று, க்ரொஃக் ந ஹனலஹ், அங்கே முதுகுக் கூடையை இறக்கி வைப்போம். நம் ஊரில் சுமைதாங்கிக் கல் இருக்கிற இடம் மாதிரி. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு பெயர் அடுத்ததை இழுத்துக்கொண்டு வந்தது. விரல் மேசையின் மறு ஓரத்துக்கு வந்தபோது பதினேழு பெயர் ஆகியிருந்தது. கேக் தட்டு வழியில் இருந்ததால் விரல் அதைச் சுற்றிக்கொண்டு போனது. அந்த இடத்தில் உண்மையிலேயே ஒரு ஏரி இருக்கிறது என்று பிற்பாடு நடந்துபோனபோது பார்த்தேன். அது தற்செயலா இல்லையா என்று இன்றுவரை நான் அவரிடம் கேட்கவில்லை.

"திரும்பி எப்படி வருவீர்கள்?" என்று கேட்டேன். வந்த வழியேதான் என்றார். இருந்தாலும் சொல்லுங்களேன் என்றேன். விரல் திரும்பியது. திரும்புகிற வழியில் போகும்போது சொல்லாத மூன்று பெயர் வந்தது. ஒன்று க்ரொஃக் அன் ட்யல்லி, பார்வைக் குன்று. அங்கிருந்துதான் ஊரின் அடுப்புப் புகை முதன்முதலில் கண்ணில் படும். போகிறபோது அது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அதற்கு அப்போது வேலை இல்லை, பெயரும் வாயில் வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து பழைய கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டேன். 'இதற்குப் பெயர் என்ன' என்ற கேள்வியே அதன்பின் கிடையாது. பீட் வெட்டப் போகும் வழி, ஆட்டை ஓட்டிக்கொண்டு வரும் வழி, மீன் பிடிக்கப் போகும் வழி, பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கு வழி, இதையெல்லாம் கேட்டேன், போக ஒரு தடவை, வர ஒரு தடவை. கப்பல்காரரிடமும் திரும்பப் போனேன், வரைபடம் இல்லாமல். 'அதற்குப் பெயர் கிடையாது' என்றவரே ஆட்டு வழியில் 26 பெயர் சொன்னார். எனக்குப் புதியது அதில் 14.

அடுத்த சிக்கல் எழுத்து. கேலிக் எழுத்துமுறை எனக்குத் தடுமாற்றம். வேகமாகச் சொல்லும்போது ரோமன் எழுத்தில் பிடிக்க முடியவில்லை. அதனால் குறிப்பேட்டில் தமிழிலேயே எழுத ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வியக்கும்படி வேலை செய்தது. கேலிக்கில் ல ஒலி மூன்று, ன ஒலி மூன்று, ர ஒலி மூன்று. நம்மிடம் ல, ள, ழ இருக்கிறது, ந, ன, ண இருக்கிறது, ர, ற இருக்கிறது. அப்படியே பொருந்தாது, ஆனால் இது வேறு அது வேறு என்று குறித்து வைக்கப் போதும். அதைவிட அழகு ஆய்தம். கேலிக்கில் உயிரெழுத்துக்குப் பின்னால் வல்லின ஒலி வந்தால், அதற்கு முன் சின்னதாக ஒரு மூச்சு விடுவார்கள். எஃகு, அஃது என்று நாம் எழுதுகிற அதே இடத்தில். குன்று என்பதை அவர்கள் எழுதுவது க்னொக், சொல்வது க்ரொஃக். ஆய்த எழுத்துக்கு நான் பள்ளிக்கூடம் விட்டபின் கிடைத்த முதல் உருப்படியான வேலை.

தமிழ் காலை வாரிய இடமும் உண்டு. ப, க, த-வில் நமக்கு ஓசை வித்தியாசம் எழுத்தில் இல்லையே. 'கில்' என்று எழுதி வைத்த ஒரு பெயரை இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அது கடினமான க-வா மெலிந்த க-வா என்று சந்தேகம். ஒன்று மலையிடுக்கு, மற்றொன்று பழைய சர்ச்சும் இடுகாடும் இருந்த இடம். ஒலிப்பதிவு மட்டும் இல்லாவிட்டால் சதுப்பின் நடுவில் இல்லாத சர்ச் ஒன்றைக் கட்டியிருப்பேன். இப்போது கடினமான எழுத்துக்குக் கீழே கோடு போடுகிறேன்.

பெரிய சறுக்கல் வேறு. ஜூன் வரை என் குறிப்பேட்டில் 'ஆதி' என்று தொடங்கும் பெயர் பதினொன்று இருந்தது. ஆதி இது, ஆதி அது. வரைபடத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை. பழைய நார்ஸ் சொல்லாக இருக்கும், யாரும் கண்டுகொள்ளாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு வாரம் தூக்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தேன். சங்கத்தில் கேலிக் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. லூயிஸ்காரர்கள் பலர் மெலிந்த ர-வை நாக்கின் நுனியைப் பல்லில் வைத்து த மாதிரி சொல்வார்களாம். மாரி என்ற பெண் பெயரை மாதி என்பார்களாம். என் ஆதி எல்லாம் ஆரிதான், கோடைக் குடிசை. அதே கணக்கில் 'ஸ்கெத்' என்று எழுதியிருந்த நாலு இடமும் ஸ்கெர், அதாவது கடலுக்குள் தலைநீட்டும் பாறை. அதில் இரண்டு ஏற்கெனவே என் அட்டவணையில் ஸ்கெர் என்ற பெயரிலும் இருந்தது. ஒரே பாறையை இரண்டாக எண்ணியிருந்தேன். 115 ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன், ஒரே சாயங்காலத்தில் 113 ஆனது.

அந்த அம்மாதான் மீதி எல்லாவற்றுக்கும் எழுத்து சரிபார்த்துக் கொடுத்தார். 1981-இல் வகுத்த எழுத்து விதிப்படி நெடிலுக்கு ஒரே பக்கம் சாய்ந்த கோடு மட்டும்தான். பழைய புத்தகங்களில் இரண்டு பக்கமும் சாயும். அட்டவணையில் கேட்டபடி ஒரு பத்தி, விதிப்படி ஒரு பத்தி என்று தனித்தனியே வைத்திருக்கிறேன். கேட்டதைத் திருத்தி எழுதிவிட்டால் பாட்டியின் த போய்விடும்.

இனி இடம் குறிக்கும் வேலை. பெயர் வந்தால் போதாது, அது எந்த மேடு என்று தெரிய வேண்டும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நேரில் நடந்தேன். போனில் க்யூஃபீல்ட் செயலி, வீட்டுக் கணினியில் க்யூஜிஐஎஸ். இரண்டும் வரைபடத்தில் இடம் குறிக்கும் மென்பொருள்கள், இலவசம். ஜூலை, ஆகஸ்டில் மிட்ஜ் என்ற பொடிக்கொசு மேகமாக வந்து மொய்க்கும், காற்று அடித்தால்தான் விடும், காற்று அடித்தால் ஒலிப்பதிவு கெடும். இரண்டில் ஒன்று. கருவிக்கு மேலே மாட்டும் உரோம உறை ஒன்பது பவுண்டு. முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது. சதுப்பில் ஒரு கிலோமீட்டர் நடக்க எனக்கு நாற்பது நிமிடம். பழைய குடிசை இருந்த இடங்களை மட்டும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். சுற்றிலும் பழுப்பாக இருக்கும்போது அந்தத் திட்டு மட்டும் பளிச்சென்று பச்சையாக இருக்கும். தலைமுறை தலைமுறையாக மாடு போட்ட சாணம் இன்னும் வேலை செய்கிறது.

செப்டம்பரில் 90 புள்ளிகளையும் பழைய வரைபடத்தின் மேல் ஏற்றிப் பார்த்தால் எல்லாமே நகர்ந்திருந்தது. நான் நின்று குறித்த பாறை ஏரிக்குள் கிடந்தது. கடற்பாறை ஒன்று கரையேறி ஒரு வீட்டின் உருளைக்கிழங்குப் பாத்தியில் நின்றது. போன் பழுது என்று நினைத்து இன்னொரு போன் கடன் வாங்கி, இரண்டு நாள் அதே இடங்களுக்கு மறுபடி நடந்தேன். அதே பதில். தப்பு போனில் இல்லை, என் தலையில். போன் கொடுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உலகப் பொது அளவையில் இருக்கும், மென்பொருளில் அதன் எண் 4326. கோப்பை ஏற்றும்போது பிரிட்டன் வரைபடம்தானே என்று பட்டியலில் பிரிட்டன் பெயர் இருந்த 4277-ஐத் தேர்ந்தெடுத்திருந்தேன். அது பழைய பிரிட்டிஷ் அளவையின் ரேகைகள். இரண்டுக்கும் சுமார் 100 மீட்டர் வித்தியாசம் வரும். 4326 என்று ஏற்றி, பிறகு பிரிட்டிஷ் கட்டத்துக்கு, அதாவது 27700-க்கு மாற்றியதும் பாறை ஏரியை விட்டு எழுந்து வந்தது. மாற்றுவதற்கு ஆன நேரம் ஒரு நிமிடம். வீணானது இரண்டு நாள், ஒரு ஜோடி சாக்ஸ்.

கடல் பக்கத்துக்கு அக்டோபரில் ஒருநாள்தான் வாய்த்தது. இறால் கூண்டு போடுகிறவர் ஒருவர் தன் படகில் கூட்டிக்கொண்டு போனார். பெட்ரோலுக்கு 20 பவுண்டு கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றார், இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். மூன்று மணி நேரத்தில் 31 பெயர். கடல் பெயர்கள் தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தவை. ஸ்கெர் நன் ரோன், சீல் (கடல்நாய்) பாறை, வற்று நேரத்தில் மட்டும் வெளியே தெரியும். பெரிய வற்று வந்தால் அதன் அருகே இன்னொன்று தெரியும், அதற்கும் பெயர் உண்டு. என் அட்டவணையில் இதற்குப் பத்தியே இல்லை. நாங்கள் போன அன்று பாதி ஏற்றம். "இந்த இடத்துக்குக் கீழே ஒன்று இருக்கிறது" என்று அவர் தண்ணீரைக் காட்டுவார், நான் தண்ணீரின் புள்ளியைக் குறித்துக்கொள்வேன். கரையில் ஒரு பாறையையும் தூரத்தில் ஒரு மலைமுனையையும் நேர்கோட்டில் பிடித்துத்தான் அவர் இடம் சொல்கிறார். அந்தக் கோடுகளை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன், ஆனால் வெளியிடவில்லை. அவை அவருடைய பிழைப்பு.

குளிர்காலம் முழுவதும் சரிபார்த்தல். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டாவது ஆள் சாட்சி வேண்டும் என்று விதி வைத்தேன். எல்லாவற்றுக்கும் கிடைக்கவில்லை. 212-இல் 64 பெயர் ஒரே வாயிலிருந்து வந்தவை, அதில் பாதிக்கு மேல் பாட்டியுடையவை. ஒரு குன்றுக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர், மறுபக்கத்து ஊரில் வேறு பெயர். யார் சொல்வது சரி என்று கேட்டுவிட்டு, அந்தச் சண்டை ஐம்பது வருடப் பழையது என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டையும் போட்டேன். ஆறு பெயரில் ஆட்களின் பட்டப்பெயர் இருந்தது, அதுவும் கேலிப் பெயர். பேரப்பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அந்த ஆறும் சங்கத்தின் பெட்டியில் மூடிய உறையில் இருக்கிறது, பொதுப் பட்டியலில் இல்லை.

செலவுக் கணக்கு: பழைய ஒலிப்பதிவுக் கருவி 62 பவுண்டு, உரோம உறை 9, மைக்ரோ எஸ்டி அட்டை இரண்டு 14, மழையில் நனையாத குறிப்பேடு மூன்று 18, ஏ3 அளவில் அச்செடுத்த நிலக்காட்சிப் படங்கள் பதினாலு 21, ரப்பர் பூட்ஸ் 45, படகு பெட்ரோல் 20. ஆக 189 பவுண்டு. காருக்குப் போட்டதைக் கணக்கில் சேர்க்கவில்லை, வெறுங்கையோடு போகக் கூடாதென்று வாங்கிய பிஸ்கட்டையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் பிஸ்கட்தான் முதலிடம் பிடிக்கும்.

இதில் பூட்ஸ் தவிர எல்லாவற்றிலும் அதிகம் உதவியது அந்த ஏ3 படங்கள்தான். வரைபடம் காட்டினால் எழுத்தை வாசிக்கிறார்கள். புகைப்படம் காட்டினால் விரல் வைக்கிறார்கள். ஆனால் படம் அவர்கள் நின்று பார்த்த இடத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். நான் அழகாக இருக்கிறதென்று மலையேறி எடுத்த நாலு படத்தை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. மாட்டோடு யாரும் அந்த உச்சிக்குப் போனதில்லை.

அடுத்த ஊர் செய்வதென்றால் வழிக் கேள்வியோடுதான் தொடங்குவேன். 1850 வரைபடத்தைக் கடைசியில்தான் திறப்பேன். நம்பகம் என்ற பத்தியை முதல் நாளே போடுவேன்: நேரில் நின்று காட்டியது 1, தூரத்திலிருந்து கை நீட்டியது 2, மேசையில் சொன்னது 3. இதை நான் நவம்பரில்தான் சேர்த்தேன். அதற்கு முந்தியதையெல்லாம் ஞாபகத்திலிருந்து நிரப்பினேன், அது அவ்வளவு யோக்கியமான வேலை இல்லை. கடலுக்குப் பெரிய வற்று நாள் பார்த்துப் போவேன். எண்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை முதலில் பார்ப்பேன். பட்டியலில் ஏழாவதாக வைத்திருந்த ஒருவரை நான் பார்க்கவே முடியவில்லை.

இப்போது, முடியவில்லை என்று தெரிந்த விஷயம். பாட்டி சொன்ன பதினேழில் ஒன்று ஆரி ந க்ரேன்ய, அவர் வாயில் ஆதி ந க்ரேன்ய. வெயில் குடிசை. அவருடைய பாட்டி காலத்திலேயே கூரை போய்விட்டதாம். சாயங்கால வெயில் கடைசியாக விழுகிற இடம் என்பது மட்டும்தான் அடையாளம். இந்த ஜூனில் இரண்டு நாள் இரவு பத்து மணிக்குப் போய் ஓடைக்கரையில் உட்கார்ந்தேன். இங்கே அப்போது சூரியன் மறையப் பத்தரை தாண்டும். இரண்டு நாளும் இரண்டு மேடு ஒரே நேரத்தில் கடைசியாக மின்னியது. இரண்டிலும் பச்சைத் திட்டு இருந்தது, இரண்டிலும் சரிந்த கல் இருந்தது. படம் எடுத்தேன். நம்பகம் 3 என்று போட்டு, இரண்டு புள்ளியையும் வைத்து ஏற்றினேன்.

ஏற்றிய அன்று சாயங்காலமே அச்செடுத்த படத்தைக் கொண்டுபோய் பாட்டியின் எண்ணெய்த்துணியில் வைத்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வந்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு மேட்டையும் விரலால் தடவினார்.

"இது இல்லை" என்றார். "இதுவும் இல்லை. நீ ஓடைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய், அ க்ராய். இந்தப் பக்கம் மாடு நிற்காதே." அ க்ராய் என்றால் கண்ணே என்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமை வானம் தெளிவாக இருக்கும் என்கிறார்கள். அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டும்.